சோழி, வாக்கியம், கிரகணம்: அறிவியல் வரலாறு–தத்துவ ஆய்வில் இறங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

அறிவியலின் வரலாற்றையும் தத்துவத்தையும் ஆராய வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்பாட்டு நூல்களில்தான் தொடங்குகிறார்கள். பாப்பர், கூன், லகடோஷ் என்று தத்துவ ஆசிரியர்களோடே ஒரு வருடம் ஓடிவிடும். முடிவில் கைநிறையக் கலைச்சொற்கள் சேர்ந்திருக்கும். பொருத்திப் பார்க்க ஒரு விஷயம் இருக்காது. நாங்கள் சொல்லும் வழி வேறு. பழைய கணக்கு ஒன்றை எடுத்து, முதலில் அதை நீங்களே போட்டுப் பாருங்கள். கணக்கு எங்கே இடிக்கிறதோ அங்கேதான் வரலாற்றுக் கேள்வியும் தத்துவக் கேள்வியும் கிளம்பும். வகுத்தலும் பள்ளிக்கூட முக்கோணவியலும் தெரிந்தால் போதும்.

பயிற்சிக்கு ஒரு நல்ல கணக்கு நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஜான் வாரன் என்பவர் ஆங்கிலேயர் படையில் சேர்ந்த பிரெஞ்சுக்காரர். 1805 முதல் 1811 வரை சென்னை வானாய்வகத்தைப் பொறுப்பில் வைத்து நடத்தினார். தென்னிந்தியக் காலக்கணக்கு முறைகளைத் தொகுத்து 1825-இல் சென்னையில் ‘கால சங்கலிதம்’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். அதில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் வருகிறார். எழுதாமல், தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமான சொற்களிலிருந்து எண்களை எடுத்து, 1825 மே 31–ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கணிப்பின் பிழை: தொடக்கத்தில் கூடுதலாக 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம் குறைவு, முடிவில் 52 நிமிடம் குறைவு.

இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டே ஒரு முழு ஆய்வு செய்யலாம்.

முதல் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

“தமிழரின் வானியல் அறிவு” என்பது தலைப்பு, கேள்வி அல்ல. அதை எடுத்துக்கொண்டு போனால் முப்பது பக்கம் எழுதலாம், ஒன்றையும் நிறுவ முடியாது. நல்ல கேள்விக்கு விடை தவறாகவும் இருக்கக்கூடும். தவறு என்று காட்ட ஒரு வழியும் இருக்கும். மேலே உள்ள நிகழ்விலிருந்து அப்படி மூன்று கேள்விகள் எடுக்கலாம்.

கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமாக இருந்த பிழை முடிவில் 52 ஆனது ஏன்? இது கணக்கைச் சேர்ந்தது. அந்தக் கணக்கில் வரும் 248 நாள், 3031 நாள் என்ற சுழற்சிகள் பாபிலோனிலிருந்து வந்தவையா? இது வரலாற்று அனுமானம். பஞ்சாங்கக்காரருக்குக் கோட்பாடு ஒரு சொல்கூடத் தெரியாது, நினைவாற்றல் மட்டும் அபாரம் என்கிறார் வாரன். அப்படியானால் அவருக்கு வானியல் தெரியும் என்பதா, தெரியாது என்பதா? இது தத்துவம். ஒன்றை மட்டும் தலைக்கேள்வியாக வையுங்கள். மற்ற இரண்டும் தாமாகவே பின்னால் வந்து சேரும்.

இரண்டாம் படி: மூலங்களை அடுக்குங்கள்

மூன்று அடுக்கு வேண்டும். முதல் அடுக்கில் நிகழ்வைப் பதிவு செய்தவர்கள். வாரனுக்கு முன்பே லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலர் புதுச்சேரியில் இருந்தார். 1769 ஜூனில் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்தவரை மேகம் ஏமாற்றிவிட்டது. ஆனால் இங்கே ஒரு தமிழரிடம் கிரகணக் கணிதம் கற்றுக்கொண்டு போய் பாரிஸில் அச்சிட்டார். இரண்டாம் அடுக்கு, அந்த மரபின் சொந்த நூல்கள். சுமார் 1300-இல் தமிழ்நாட்டில் எழுந்த ‘வாக்கியகரணம்’ (ஆசிரியர் பெயர் தெரியவில்லை), அதற்கு சுந்தரராஜர் எழுதிய உரை, வரருசியின் பெயரில் வழங்கும் சந்திர வாக்கியங்கள் (நாள்தோறும் சந்திரன் இருக்கும் இடத்தை எண்ணாகப் பொதிந்து வைத்த மனப்பாடச் சொற்றொடர்கள்). குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் பதிப்பித்த வாக்கியகரணம் 1962-இல் சென்னையில் வெளிவந்தது. தொடங்குபவருக்கு அதுதான் அடித்தளம். மூன்றாம் அடுக்கு, பின்வந்த ஆய்வாளர்கள். ஓட்டோ நொய்கெபவர் 1952-இல் வாரனின் நூலை எடுத்துப் பிரித்து ஆராய்ந்து, தமிழ் வானியல் என்ற பெயரிலேயே கட்டுரை எழுதினார்.

படிக்கும் வரிசை முக்கியம். நொய்கெபவரை முதலில் படித்துவிட்டால் வாரனிடம் அவர் பார்த்ததை மட்டுமே நீங்களும் பார்ப்பீர்கள். வாரனை முதலில் எடுங்கள். கிரகணக் கணக்கு வரும் பகுதியைக் கையால் எழுதிப் பிரதி எடுங்கள். மொபைலில் படம் எடுத்து வைப்பது பிரதி எடுப்பதாகாது, ஒவ்வொரு எண்ணையும் கை எழுதும்போதுதான் “இந்த 16 எங்கிருந்து வந்தது?” என்று மனம் கேட்கும்.

சுவடி தேவைப்பட்டால் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், அடையாறு நூலகம், தஞ்சை சரஸ்வதி மகால், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஆகியவற்றின் அட்டவணைகளில் தொடங்குங்கள். பெரும்பாலும் கிரந்தம், தெலுங்கு, மலையாள எழுத்துகளில் இருக்கும். போகும் முன் அட்டவணை எண், ஓலை எண்ணிக்கை, எழுத்து மூன்றையும் குறித்துக்கொண்டு போனால் அங்கே அரை நாள் மிச்சம். குறிப்பெடுக்கும்போது ஓலையின் முன்பக்கமா பின்பக்கமா என்பதைத் தவறாமல் எழுதுங்கள். இதை விட்டுவிட்டு வந்து மறுபடி ரயில் ஏறுகிறவர்கள் நிறைய.

மூன்றாம் படி: சொல்லை எண்ணாக்குங்கள்

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். வாரனின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘தேவரம்’ என்று ஒரு சொல் வரும். பார்த்ததும் சம்பந்தர், அப்பர் நினைவு வரும். தேவாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது 248 என்ற எண்.

முறை கடபயாதி. சமஸ்கிருத நெடுங்கணக்கில் க வர்க்கமும் ச வர்க்கமும் சேர்ந்து 1 முதல் 9, கடைசி ஞ பூஜ்யம். ட வர்க்கமும் த வர்க்கமும் அப்படியே; ந பூஜ்யம். ப வர்க்கம் 1 முதல் 5. ய 1, ர 2, ல 3, வ 4, தாலவ்ய ச 5, ஷ 6, ஸ 7, ஹ 8, ள 9. தனித்து நிற்கும் உயிர் பூஜ்யம். கூட்டெழுத்தில் உயிரோடு சேர்ந்த கடைசி மெய்க்கு மட்டுமே மதிப்பு. கிடைத்த இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும்.

தேவரம்: தே 8, வ 4, ர 2. திருப்பினால் 248. கலானிலம்: 1, 3, 0, 3, திருப்பினால் 3031. ரஸகைரிகா: 2, 7, 3, 2, 1, திருப்பினால் 12372.

தமிழ் எழுத்தில் எழுதினால் கணக்கு கெட்டுப்போகும். ‘தே’ என்பது 6, 7, 8, 9 நான்கில் எதுவாகவும் இருக்கலாம், நம் எழுத்து அந்த ஒலி வேறுபாட்டைக் காட்டாது. பழைய அச்சு நூல்களில் க², க³, த⁴ என்று மேலே எண் போட்டிருந்தால் உங்களுக்கு யோகம். க, ட, ப வரிசைகளில் அந்த மேலெண்ணே மதிப்பு (எண் இல்லாத எழுத்துக்கு 1). ச, த வரிசைகளில் அதோடு 5 கூட்டுங்கள். த³ என்றால் 8. மேலெண்ணை அப்படியே எடுத்து 3 என்று போட்டுவிட்டால் அதற்குப் பிறகு வரும் எல்லாம் பாழ்.

இனி ஒரு வாக்கியம். வரருசியின் முதல் வாக்கியம் ‘கீர்ந ச்ரேய’. முதல் ஒலி ‘கீதை’யில் வருவது, ஆக 3. ‘ர்ந’வில் ந மட்டும் கணக்கு, 0. ‘ச்ரே’யில் ர மட்டும், 2. ய 1. திருப்பினால் 1203, அதாவது 12 பாகை 3 கலை (60 கலை ஒரு பாகை). சந்திரன் தன் உச்சத்தில், பூமிக்கு மிகத் தொலைவில், இருந்து புறப்பட்டு முதல் நாளில் நகரும் தூரம் அது. இரண்டாம் வாக்கியம் 24 பாகை 9 கலை. மூன்றாவது 36 பாகை 22 கலை. இப்படி 248 வாக்கியங்கள். கடைசி வாக்கியம் 27 பாகை 44 கலை.

கணினி அட்டவணையில் இவற்றை ஏற்றும்போது 12.03 என்று அடிக்காதீர்கள். 12 பாகை 3 கலை என்பது தசமத்தில் 12.05. 24 பாகை 9 கலை என்பது 24.15. பாகைக்கு ஒரு நிரல், கலைக்கு ஒரு நிரல் வைத்து மூன்றாவது நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரதியில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்க இரண்டு சோதனைகள். அடுத்தடுத்த வாக்கியங்களின் வித்தியாசம் சுமார் 12 பாகைக்கும் 14 பாகை 20 கலைக்கும் நடுவில், ஏற்ற இறக்கம் சீராக, இருக்க வேண்டும்; நடுவில் ஒன்று துள்ளினால் அங்கே பாடம் கெட்டிருக்கிறது. இரண்டாவது சோதனை இன்னும் கூர்மையானது. எந்த வாக்கியத்தையும் அதன் இணையோடு (வரிசை எண்கள் இரண்டும் கூடி 248 ஆக வேண்டும்) கூட்டினால் முழுச்சுற்றுகள் போக 27 பாகை 44 கலைதான் வரும். 247-ஆவது வாக்கியம் பூச்சி அரித்துவிட்டதா? 27;44-இல் 12;03-ஐக் கழியுங்கள்: 15 பாகை 41 கலை. உச்சத்துக்கு இருபுறமும் சந்திரனின் வேக மாற்றம் ஒத்திருப்பதால் இது அமைகிறது. மரபுக்குள் இருந்தவர்களே இதை வாக்கிய சோதனையாகப் பயன்படுத்தினார்கள். தத்துவக் கேள்விக்கு வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: நாளைப் போட்டுப் பாருங்கள்

1825 மே 31-ஐ எடுப்போம். முதலில் கலி தொடங்கி எத்தனை நாள் என்று தெரிய வேண்டும். எக்செல் 1900-க்கு முந்தைய தேதியை ஏற்காது; ஜூலியன் நாள் எண் (வானியலர்கள் நாட்களை இடைவிடாமல் எண்ணிவரும் வரிசை எண்) வழியாகப் போங்கள். 1900 ஜனவரி 1-இன் எண் 2415021. அதிலிருந்து 75 வருடத்தைக் கழித்தால் (18 லீப் நாள் உட்பட 27393 நாள்) 1825 ஜனவரி 1-க்கு 2387628. மே 31-க்கு 150 கூட்டினால் 2387778. கலி முதல் நாளின் எண் 588466. கழித்தால் 1799312.

மேலே போகும் முன் கிழமையைச் சரிபாருங்கள். கலி வெள்ளிக்கிழமை பிறந்தது. 1799312-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 4. வெள்ளி பூஜ்யம், சனி 1, ஞாயிறு 2, திங்கள் 3, செவ்வாய் 4. 1825 மே 31 செவ்வாய்க்கிழமைதான். கிழமை ஒன்று தள்ளிப் போனால் பெரும்பாலும் ஜூலியன் நாளின் அரை நாளைத் தவறாக முழுமையாக்கியிருப்பீர்கள். 365 நாள் தள்ளினால் கி.மு. 3102-ஐ வானியலர்கள் −3101 என்று எழுதுவதை மறந்திருப்பீர்கள்.

இனி பஞ்சாங்கக்காரரின் வழி (1600984 என்பது இந்தக் கணக்குக்குத் தொடக்கமாக வைத்த கலி நாள் எண்; 12372, 3031, 248 மூன்றும் சந்திரன் மறுபடி உச்சத்துக்கு வந்து சேரும் சுழற்சிகளின் நாட்கள்):

1799312 − 1600984 = 198328
198328 ÷ 12372: ஈவு 16, மீதி 376
376 ÷ 3031: ஈவு 0
376 ÷ 248: ஈவு 1, மீதி 128

ஆக அன்றைக்கு 128-ஆம் வாக்கியம். ஒவ்வொரு சுழற்சிக்கும் உரிய துருவத்தை (முழுச்சுற்றுகள் போக அந்தச் சுழற்சியில் சந்திரன் நகரும் மீதியை) ஈவால் பெருக்கி, தொடக்க நாளுக்குரிய துருவத்தையும் சேர்த்து, இந்த வாக்கியத்தோடு கூட்டினால் காலை உதயத்துக்குச் சந்திரனின் இடம் கிடைக்கும். அதன் பிறகு ஊருக்கான திருத்தங்கள். 248 நாளின் துருவம் 27 பாகை 44 கலை. இதையும் நம்பி எடுக்காதீர்கள். சந்திரன் நாளுக்குச் சராசரி 13.17636 பாகை போகிறது. 248-ஆல் பெருக்கினால் 3267.74, ஒன்பது சுற்றைக் கழித்தால் 27.74, அதாவது 27 பாகை 44 கலை.

சோழி பத்துப் பன்னிரண்டு கிடைத்தால் ஒருமுறை தரையில் அடுக்கியும் வகுத்துப் பாருங்கள். வகுத்தல் முன்னேற முன்னேறப் பழைய இலக்கங்கள் தரையிலிருந்து மறைந்துவிடும். இடைநிலை எண்கள் எதுவும் மிஞ்சாது. இந்த மரபில் ‘செய்முறைக் குறிப்பு’ ஆவணங்களை ஏன் எளிதில் காண முடிவதில்லை என்பது அப்போது உறைக்கும்.

இன்றைய வானியலோடு ஒரு சரிபார்ப்பு. உச்சத்திலிருந்து உச்சத்துக்குச் சந்திரன் எடுக்கும் காலம் 27.55455 நாள். 128-இல் நான்கு சுற்று போனால் மீதி 17.8 நாள், சராசரி உச்சத்தைக் கடந்து அத்தனை நாள் ஆயிற்று என்கிறது வாக்கியம். இன்றைய சூத்திரத்தில் போட்டால் அன்று காலை உதயத்துக்கு ஏறக்குறைய 17.9 வருகிறது. கலி பிறந்து 4900 வருடத்துக்கு மேல் எண்ணி வந்த கணக்கு இது. பலர் இந்த இடத்தில் மெய்சிலிர்த்துப் போய் ஆய்வை நிறுத்திவிட்டுக் கட்டுரை எழுதப் போய்விடுவார்கள். பொறுங்கள்.

சந்திரனின் இடத்தையே இன்றைய எண்ணோடு ஒப்பிடும்போது 20 பாகைக்கு மேல் இடித்தால் பயப்பட வேண்டாம். அயனாம்சத்தைக் கழிக்க மறந்திருப்பீர்கள். மரபுக் கணக்கு நட்சத்திரங்களை வைத்தது, இன்றைய அட்டவணை வசந்த சமநாளை வைத்தது.

ஐந்தாம் படி: பிழையைப் பிரித்துப் பாருங்கள்

+4, −23, −52. முதலில் இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா? தொடக்கம், முடிவு இரண்டின் சராசரி −24. நடுவுக்குச் சொல்லப்பட்டது −23. ஒத்துப்போகிறது; அச்சுப்பிழை இல்லை என்று ஓரளவு நம்பலாம். இந்தச் சின்னச் சோதனையை யாரும் சொல்லித்தருவதில்லை, ஆனால் பழைய அச்சு நூல்களில் பாதிச் சிக்கல் இதிலேயே வெளிப்பட்டுவிடும்.

இப்போது இரண்டு பிழைகள் தனித்தனியாகத் தெரிகின்றன. ஒன்று, கிரகண நடு 23 நிமிடம் முந்திவிட்டது. சந்திரன் சூரியனை விட மணிக்கு ஏறக்குறைய அரைப் பாகை கூடுதலாக நகர்வதால் இது சுமார் 12 கலைப் பிழை. சந்திரனின் முகம் 31 கலை அகலம். அதில் பாதிகூட இல்லை. இன்னொன்று, கிரகண நேரம் 56 நிமிடம் சுருங்கிவிட்டது. இது சந்திரன் எங்கே இருக்கிறது என்பதில் வந்த பிழை அல்ல. சந்திரன் நிழலின் நடுவிலிருந்து எவ்வளவு விலகிப் போகிறது, நிழல் எவ்வளவு பெரியது என்பதில் வந்தது. நிழலின் ஓரத்தை உரசிப்போகும் கிரகணத்தில் விலகல் கொஞ்சம் மாறினாலும் நேரம் வெகுவாக மாறும். ஆழமான கிரகணத்தில் அவ்வளவு மாறாது. ஆகவே அடுத்த வேலை, எஸ்பெனாக்கும் மேயுஸும் தயாரித்து நாசா இலவசமாகத் தரும் கிரகணப் பட்டியலில் அன்றைய கிரகணத்தின் அளவைப் பார்ப்பது. அதைப் பார்க்காமல் “52 நிமிடம் தவறு” என்று எழுதினாலும் சரி, “4 நிமிடம்தான் தவறு” என்று எழுதினாலும் சரி, இரண்டும் அரைகுறை.

நேரத்தை ஒப்பிடும்போது இந்திய நேரத்தைப் போடாதீர்கள். அது 1906-இல்தான் வந்தது. புதுச்சேரியின் சொந்த நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 19 நிமிடம் முன்னால். இதை மறந்தால் 11 நிமிடம் சும்மா நுழைந்துவிடும், அது நீங்கள் தேடும் பிழையில் பாதி. நாழிகை 24 நிமிடம், விநாழிகை 24 விநாடி. 52 நிமிடம் என்றால் 2 நாழிகை 10 விநாழிகை. மூலம் எந்த அலகில் பேசுகிறதோ அதிலேயே ஒருமுறை கணக்கை எழுதிவிட்டுப் பிறகு மாற்றுங்கள். வாரன் ஒப்பிட்ட ‘சரியான’ நேரம் கண்ணால் பார்த்ததா, ஐரோப்பிய அட்டவணையிலிருந்து எடுத்ததா என்பதையும் உங்கள் குறிப்பில் தனியாக எழுதி வையுங்கள்.

லெ ஜாந்தியிடம் வேறொரு எண் இருக்கிறது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணக்கில் போட்டபோது 41 விநாடிதான் குறைந்தது. ஐரோப்பாவில் புகழ்பெற்ற டோபியாஸ் மாயரின் அட்டவணையில் 68 விநாடி கூடியது. இது வாட்ஸ்அப்பில் பத்து வருடமாகச் சுற்றிவருவது, உண்மைச் செய்திதான். ஆனால் அதே மரபு 1825-இல் கால அளவில் 56 நிமிடம் தவறியது. இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். பூமியின் நிழலுக்குக் கூர்மையான விளிம்பு கிடையாது. காற்றுமண்டலம் அதை மங்கலாக்குகிறது. கிரகணம் எப்போது தொட்டது என்பதில் இரண்டு பார்வையாளர்கள் ஒரு நிமிடம் வேறுபடுவது சாதாரணம். அந்த நிலையில் 41 விநாடி என்பது அளக்கும் திறனுக்கே கீழே இருக்கும் எண், அதைத் துல்லியம் என்று கொண்டாட முடியாது. ஒன்றுக்கொன்று எதிரான பிழைகள் தற்செயலாகக் கழிந்துபோயிருக்கலாம். ஒரே ஒரு நல்ல எண்ணை வைத்து ஒரு மரபைத் தூக்கி வைப்பதும், ஒரே ஒரு கெட்ட எண்ணை வைத்து ஒதுக்குவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

இந்தத் தவறைப் பெரிய ஆட்களும் செய்தார்கள். பிரெஞ்சு வானியலர் ழான் சில்வேன் பெய்யி 1787-இல் இந்திய அட்டவணைகளை ஆராய்ந்து, கி.மு. 3102-இன் கிரக நிலைகள் நேரில் பார்த்து எழுதப்பட்டவை என்று வாதாடினார். இன்னொரு பிரெஞ்சு வானியலரான லாப்லாஸ் ஏற்கவில்லை. அந்த நிலைகள் பிற்காலத்தவர் பின்னோக்கிப் போட்ட கணக்கு என்பதே இன்றைய ஆய்வாளர்களின் முடிவு.

ஆறாம் படி: எங்கிருந்து வந்தது என்று சொல்வதற்கு முன்

248 நாளில் 9 சுற்று, 3031 நாளில் 110 சுற்று. 248 நாள் சுழற்சி பாபிலோனிய ஆப்பெழுத்துப் பலகைகளிலும், இரண்டு சுழற்சிகளும் ரோமர் கால எகிப்தின் கிரேக்கப் பாப்பிரஸ்களிலும், வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டில் தொகுத்த ஐந்து சித்தாந்தங்களில் (வானியல் நூல்களில்) ஒன்றான வசிஷ்டத்திலும் உள்ளன. பாபிலோனியக் கணித முறை 1825 வரை புதுச்சேரியில் உயிரோடு இருந்தது என்று நொய்கெபவர் முடிவு செய்தது இதை வைத்துத்தான்.

புதியவர் இங்கே ஒரு நாள் செலவிட வேண்டும். 27.55455-ஐத் தொடர்பின்னமாகப் பிரியுங்கள் (முழு எண்ணை எடுத்துவிட்டு, மீதியைத் தலைகீழாக்கி, மறுபடி முழு எண்ணை எடுப்பது). நெருங்கிவரும் பின்னங்கள் வரிசையாக 27, 28, 55/2, 248/9, 3031/110. அதாவது சந்திரனின் உச்சச் சுற்றை ஓரளவு துல்லியமாகத் தெரிந்த எவரும், எந்த நாட்டவரும், நல்ல முழு எண் சுழற்சி தேடினால் இந்த எண்களில்தான் வந்து நிற்பார். இயற்கையே திணிக்கும் எண் ஒத்துப்போவது கடன் வாங்கியதற்குச் சான்றாகாது. சான்றாக வேண்டுமானால் இயற்கை திணிக்காத, மனிதர் விருப்பப்படி தேர்ந்த ஓர் அம்சம் ஒத்துப்போக வேண்டும்.

அதைத் தேடுங்கள். பாபிலோனிய முறையில் சந்திரனின் தினசரி வேகம் ஒவ்வொரு நாளும் சரியாக 18 கலை ஏறி, உச்சவரம்பு தொட்டதும் அதே 18 கலை வீதம் இறங்கும். நேர்க்கோடு ஏறி நேர்க்கோடு இறங்கும் வடிவம். வரருசியில் முதல் மூன்று நாள் நகர்வு 12;03, 12;06, 12;13. வித்தியாசம் 3 கலை, அப்புறம் 7 கலை. நேர்க்கோடு இல்லை, சைன் வளைவு. சுழற்சி ஒன்று, உள்ளே இருக்கும் மாதிரி வேறு. ஆகவே “பாபிலோனிலிருந்து வந்தது” என்பதையும் “சம்பந்தமே இல்லை” என்பதையும் விட்டுவிட்டு, சுழற்சி பழையதாக இருக்கலாம், அதை நிரப்பிய மதிப்புகள் சித்தாந்தக் கணிதத்தில் புதிதாகப் போடப்பட்டவை என்று எழுதலாம். பின்னர் கேரளக் கணித அறிஞர் சங்கமகிராமத்து மாதவர் அதே 248 வாக்கியங்களை விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு) வரை திருத்தி அமைத்தபோது முதல் நாள் 12 பாகை 2 கலை 35 விகலை ஆனது. மரபு என்பது அப்படியே ஒப்புவித்தது அல்ல, உள்ளே இருந்தவர்கள் எண்களைத் தொட்டிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம்.

ஏழாம் படி: தத்துவக் கேள்வியை இப்போது கேளுங்கள்

பஞ்சாங்கக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை என்ற வாரனின் தீர்ப்பை எப்படி எடை போடுவது? ‘புரிதல்’ என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு வாதாடினால் முடிவே வராது. சோதிக்கக்கூடிய துண்டுகளாக உடையுங்கள். புதிய நாளைக் கொடுத்தால் கணக்குப் போட முடியுமா? முடிந்தது. கணக்கில் தவறு நேர்ந்தால் கண்டுபிடிக்க வழி இருந்ததா? கிழமைச் சோதனையும் இணை வாக்கியச் சோதனையும் மரபில் உள்ளன. அவர் பயன்படுத்தினாரா என்பதை வாரனின் வரிகளில் தேட வேண்டும். எண் ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்ல முடிந்ததா? வாரன் இல்லை என்கிறார். மாற்றி அமைக்க முடிந்ததா? அதைச் செய்தவர்கள் மாதவர் போன்றோர்.

அப்படியானால் காரணம் தெரிந்தவர்கள் ஓர் இடத்திலும் கணக்குப் போட்டவர்கள் வேறிடத்திலும் இருந்திருக்கிறார்கள். சுந்தரராஜர் உரை எழுதினார். புதுச்சேரிக்காரர் சோழி வைத்தார். கப்பலில் நாவிக அட்டவணையைப் புரட்டிய ஐரோப்பிய மாலுமியையும் இதே தராசில் நிறுத்துங்கள்; அவரும் சந்திரக் கோட்பாட்டை விளக்கமாட்டார். அவரை ‘அறிவியல் பயன்படுத்துபவர்’ என்றும் இவரை ‘மனப்பாடக்காரர்’ என்றும் சொல்வதானால் இரண்டுக்கும் நடுவே என்ன வேறுபாடு என்று காட்டும் பொறுப்பு சொல்பவருடையது. வாரன் கேட்ட கேள்வி எந்த மொழியில் கேட்கப்பட்டது, வடிவியல் விளக்கத்தைத் தவிர வேறு விளக்கத்தை அவர் விளக்கமாக ஏற்றிருப்பாரா என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

எதிர்ப்பக்கத்தில் இருக்கும் குழி ஆழமானது. நாம் தொடர்பின்னம் போட்டுப் பார்த்தோம் என்பதற்காக அவர்களும் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள் என்று எழுதிவிடக்கூடாது. இந்தியக் கணிதத்தில் குட்டக முறை (முழு எண் விடை தேடும் பழைய முறை) இருந்தது, அதற்கு நெருக்கமானது. ஆனால் 248 அந்த வழியாகத்தான் வந்தது என்று காட்ட ஒரு வரியாவது வேண்டும்.

எழுதும்போது

வரைவில் மூன்று நிறம் வையுங்கள்: மூலம் சொல்வது, நீங்கள் கணக்கிட்டது, நீங்கள் ஊகித்தது. ஒரே வாக்கியத்தில் இரண்டு நிறம் கலந்தால் அதை உடையுங்கள். மதிப்பீட்டாளர்கள் பெரும்பாலும் பிடிப்பது இந்தக் கலப்பு வாக்கியங்களைத்தான்.

கணக்கு முழுவதையும் பின்னிணைப்பில், இடைநிலை எண்களோடு கொடுங்கள். 1799312-இலிருந்து 128 வரை ஒரு வரிகூட விடாதீர்கள். படிப்பவர் திரும்பப் போட முடியாத கணக்கைக் கணக்கு என்று யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். பாகை–கலைக்கு 12;03 என்ற குறியீட்டையே கட்டுரை முழுக்க வையுங்கள், தசமத்தோடு கலக்காதீர்கள். இந்திய தேசிய அறிவியல் கழகம் 1966 முதல் நடத்திவரும் அறிவியல் வரலாற்று இதழின் பழைய இதழ்களில் சந்திர வாக்கியங்கள் பற்றிய கட்டுரைகளைப் பார்த்தால் எவ்வளவு விவரம் எதிர்பார்க்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

இதழுக்கு அனுப்பும் முன் பின்னிணைப்பை மட்டும் இரண்டு பேரிடம் காட்டுங்கள். ஒருவர் வானியல் தெரிந்தவர். அயனாம்சம், உள்ளூர் நேரம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொருவர் இன்றும் வாக்கியப் பஞ்சாங்கம் கணிப்பவர். திருக்கணிதம் கணிப்பவர் என்றால் அவர் கையாளும் எண்களே வேறு, இந்தக் கணக்கைச் சரிபார்க்க உதவாது. அவரிடம் முடிவைச் சொல்லாமல் தேதியை மட்டும் கொடுத்து எத்தனையாவது வாக்கியம் வருகிறது என்று கேளுங்கள். 128 என்று வராமல் 127 அல்லது 129 என்று வந்தால், நாளை அவர் எந்த உதயத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறார் என்பதிலிருந்து விசாரிக்க ஆரம்பியுங்கள்.